ரட்சிக்கப்பட்ட தேதி என்ன?

கேள்வி:

கனம் ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 61. கடலூர் முதுநகர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் கம்பெனியில் 33 வருஷம் கம்ப்ரசர் மெக்கானிக். லுத்தரன் குடும்பம். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல். அதற்கப்புறம் கிறிஸ்மஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கிறவன். போன ஆடியில் நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். இப்போது எலும்புக்கும் போய்விட்டது. இனி வலிக்குத்தான் வைத்தியம் என்று ஜிப்மரில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகள் போகிற ஜெபக்கூட்டத்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “நீங்க எந்தத் தேதியில ரட்சிக்கப்பட்டீங்க?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேதி தெரியாதவனுக்கு ரட்சிப்பு இல்லை என்றார். மார்ஃபின் போதை வஸ்து, இயேசுவே சிலுவையில் மயக்க மருந்தை வாங்கவில்லை என்றார். முழு விசுவாசம் வந்தால் கட்டி கரையும் என்றார். மகள் மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டாள். ஐந்து நாளாகப் போடவில்லை.

சுனாமி வந்த அன்று துறைமுகத்தில்தான் இருந்தேன். அன்றைக்குப் பயமில்லை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் உடம்பு நடுங்குகிறது. பயப்படுகிறவன் விசுவாசியா? இத்தனை வருஷம் தேடாமல் கடைசி நேரத்தில் அவரைத் தேடுவதும் வெட்கமாக இருக்கிறது. மோட்சம் நிஜமாகவே இருக்கிறதா ஐயா? என் தம்பியோடு 14 வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

(பெயர் வேண்டாம்), கடலூர் முதுநகர்.

பதில்:

பிரியமான சகோதரரே,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்கள் மகளோடு போனில் பேசிவிட்டேன். மாத்திரை டப்பா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டது, டாக்டரைக் கேட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி அரிசி டின்கள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. அதனால் மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். மோட்சம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

தெருவில் விற்கிற போதையும், புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கிற மார்ஃபினும் ஒன்றல்ல. அது வலியை அடக்கும். நுரையீரல் நோயில் வருகிற மூச்சுத் திணறலையும் ஓரளவு தணிக்கும். நாலு மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், வலி தலைதூக்கும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துப் போட வேண்டும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். (இதைச் சொல்ல ஒரு ஐயர் எதற்கு என்று நினைக்காதீர்கள். வார்டுகளில் என்னிடம் ரகசியமாகச் சொல்லப்பட்ட ஜெப விண்ணப்பங்களில் பாதி இந்தச் சங்கதிதான்.) திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திச் சில நாள் ஆகிவிட்டால் பழைய அளவிலேயே நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்கவும் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இனி, “இயேசுவே வாங்கவில்லை” என்ற பேச்சு. வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று மாற்கு 15ல் இருப்பது வாஸ்தவம். அது அவர் தமக்காக எடுத்த முடிவு. அதை எடுத்து அடுத்தவன் மருந்துச் சீட்டில் எழுத நமக்கு அதிகாரம் இல்லை. அதே சிலுவையில்தான் “தாகமாயிருக்கிறேன்” என்றும் சொன்னார். காடியில் தோய்த்த கடற்காளானை (ஸ்பாஞ்சை) வாயருகே நீட்டியபோது வாங்கிக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார். வேதனையிலிருக்கும் ஒருவன் தொண்டை நனையக் கேட்டதையும் வேதம் எழுதிவைத்திருக்கிறது, அதை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

அந்த ‘யாரும்’ என்பதில் நானும் ஒருவன். குருப்பட்டம் வாங்கிய மூன்றாவது வருஷம், ஓர் ஆஸ்பத்திரி வார்டு. வலை கட்டுகிற தொழில் செய்த ஒரு முதியவர் கடைசிக் கட்டத்தில் கிடந்தார். கட்டிலருகே நின்று கண்ணை மூடிக்கொண்டு, ஆதாமில் ஆரம்பித்து நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். நல்ல தமிழ், நல்ல குரல். எனக்கே திருப்தியாக இருந்தது. பாதியில் யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். வார்டு ஆயாம்மா. “ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. பெரியவருக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, பாருங்க.” கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தார், பிறகு பஞ்சை நாக்கின் மேல் வைத்து இரண்டு சொட்டுப் பிழிந்தார். பெரியவர் கண்ணைத் திறந்து அந்த அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதன்பிறகு எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் உதட்டைப் பார்ப்பேன், ஜெபம் அப்புறம்.

முழு விசுவாசம் வந்தால் கட்டி கரையும் என்பதற்கு ஒரே ஒரு வசனத்தைக் காட்டுகிறேன். 2 தீமோத்தேயு 4:20. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். எபேசுவில் அவர் மேனியில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோயாளிகள் எழுந்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. அவர் தம் சொந்தக் கூட்டாளியைக் காய்ச்சலோ என்னவோ, வியாதியோடு விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு எழுத்து இல்லை. கடவுள் சுகம் தருவார் என்று நான் நம்புகிறேன், அதற்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் சுகம் கிடைக்காதவனைப் பார்த்து “உன் விசுவாசம் பற்றவில்லை” என்று சொல்வது, வலிக்கிற எலும்பின்மேல் ஏறி நிற்பது மாதிரி. போய்ச் சேர்ந்து நாலாம் நாள் எழுப்பப்பட்ட லாசருவும் பிறகொரு நாள் செத்துத்தான் இருப்பார். அவருக்கு இரண்டு தடவை அடக்க ஆராதனை.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் உங்களைக் கொல்ல டப்பாவை ஒளிக்கவில்லை. அப்பா இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி தெரியாமல் ஒளித்தாள். என்னோடு பேசும்போது பாதி நேரம் அழுதாள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் விழிக்கிறீர்களே, அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, தேதிக்கு வருவோம்.

நம் சபைகளில் ‘ரட்சிப்பு’ என்று சொல்கிறோம். புதுச்சேரியில் கத்தோலிக்க உறவுக்காரர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள், அவர்கள் ‘மீட்பு’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு, ஏனென்றால் அது அடகுக் கடையில் புழங்குகிற சொல். தைக்குப் பணமுடை, தங்கச்சி பிரசவம், ஏதோ ஒன்று, நகை உள்ளே போய்விடுகிறது. சின்னக் காகித உறையில் போட்டு, நம்பர் எழுதி, இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. வட்டி ஏறுகிறது. பெட்டிக்குள் கிடந்தபடி நகை அந்த வட்டியில் ஒரு ரூபாய் குறைக்க முடியுமா? உடையவன் பணத்தோடு வந்தால்தான் வெளியே வரும். அசல், வட்டி எல்லாம் கட்டி, சீட்டைக் கொடுத்து, உறையைக் கிழித்து, கையில் வாங்கிப் பார்க்கிறான். மீட்ட தேதி சீட்டில் இருக்கும். நகையிடம் யாரும் தேதி கேட்பதில்லை.

கிறிஸ்துவர்கள் சிலுவையைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். நாம் கட்ட வேண்டியதை அவர் கட்டினார். “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று எபேசியருக்கு எழுதியிருக்கிறது. அப்படியானால் விசுவாசம் எதற்கு என்பீர்கள். என்னை மீட்டாயிற்று என்று அவர் சொல்வதை நம்பி அவர் கையில் இருந்துகொள்வது, அதுதான் விசுவாசம். அதையும் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்து, இன்னும் பத்து கிராம் குறைகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் மறுபடியும் வட்டிக் கடைக்குள் போய்விடுவோம்.

தேதி உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. பவுலுக்குத் தேதி உண்டு. தமஸ்குவுக்குப் போகிற வழி, மத்தியான வேளை, கீழே விழுந்தார், எல்லாம் துல்லியம். அவருடைய பிள்ளை மாதிரி இருந்த தீமோத்தேயுவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், சிறு வயது முதல் கேட்ட வேதம், அவ்வளவுதான் தெரியும். இருவரும் ஒரே வண்டியில்தான் ஊழியத்துக்குப் போனார்கள். 1740ல் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் தேசத்து லுத்தரன் ஐயர் நம் கடலூருக்கு வந்தார். அந்தக் காலத்திலிருந்து கைக்குழந்தைகளின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு பிள்ளையையும் தேதி மனப்பாடம் பண்ணச் சொன்னதில்லை.

ஆனாலும் உங்களுக்கு ஒரு தேதி கையில் இருந்தால் தெம்பாக இருக்குமே என்று, போன செவ்வாய்க்கிழமை உங்கள் சபைக்குப் போனேன். இப்போதிருக்கிற ஆயர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தடித்த அட்டை, முதுகுத் துணி பிய்ந்திருக்கிறது. 2011 கடைசியில் தானே புயலில் ஓடு பறந்து பீரோ நனைந்ததாம். கீழ்ப்பாதிப் பக்கங்களில் பழுப்பு நிறத்தில் அலை அலையாகத் தண்ணீர்த் தடம். ராமபாணப் பூச்சி வேறு ஊசி போட்டிருக்கிறது. உங்கள் வரியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தகப்பன் தொழில் ‘தோணி வேலை’. ஞானப்பெற்றோர் பெயர் இருக்கிறது. தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் நீல மை கரைந்து ஒரு மேகம் மாதிரி நிற்கிறது. 12ஆ, 17ஆ, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தும் புலப்படவில்லை. மாதமும் சந்தேகம்தான்.

உங்கள் பெயர் தெளிவாக இருக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். சாத்தான் வந்து நெருக்கும்போதெல்லாம், நம் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர் தம் நற்குணங்களைப் பட்டியல் போட மாட்டாராம். நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று மட்டும் பதில் சொல்வாராம். உங்களிடமும் அந்தப் பதில் இருக்கிறது. தேதி கேட்டு இன்னொரு தடவை யாராவது வந்தால் படத்தைக் காட்டுங்கள், அவரே பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது பயம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆராதனைக்கு மணி அடித்த கோயில்களில் நானும் ஒன்றில் இருந்தேன். மதியத்துக்குள் தேவனாம்பட்டினத்திலிருந்து வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. அன்றைக்கு எனக்கும் பயமில்லை. வேலை இருந்தது. உங்களுக்கு ஓட வேண்டியிருந்தது. அலைக்கும் உங்களுக்கும் நடுவில் நேரம் இல்லாததால் பயத்துக்கும் இடமில்லை. இப்போது நேரம் இருக்கிறது, ஓடுகிற கால் இல்லை. இதில் விசுவாசக் குறைவு எங்கே வந்தது? மனுஷ உடம்பு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன செய்தார் என்று பாருங்கள். மறுநாள் சாகப் போகிறோம் என்று தெரிந்த ராத்திரி. வியாகுலப்பட்டார், முகங்குப்புற விழுந்தார், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார், ஒரு தடவை அல்ல. வேர்வை இரத்தத்துளிகளைப் போலத் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். நடுநடுவே எழுந்து போய்க் கூட்டாளிகளைத் தட்டி எழுப்புகிறார், என்னோடு கொஞ்ச நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று. அந்த ராத்திரி அவர் பயப்படவில்லை என்று சொல்லுகிற பிரசங்கத்தை நான் நம்புவதில்லை. நம் ஊர் அடக்க வீடுகளில் கட்டுகிற ஃபிளெக்ஸில் எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் மகிமையில் பிரவேசிக்கிறார்கள். போட்டோ எடுத்தது கல்யாண வீட்டில்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் இருட்டில் தனியாகக் கிடக்காதீர்கள். வீட்டம்மாவை எழுப்புங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சுக்கும் நல்லது. அந்த நேரத்தில் வலியும் சேர்ந்து வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள், ராத்திரி மாத்திரையின் அளவை அவர் மாற்றித் தரலாம். நீண்ட ஜெபம் பண்ண உங்கள் நுரையீரலில் காற்று இல்லை, வேண்டவும் வேண்டாம். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் காற்று இல்லை. அப்படித் தொங்குகிறவன் ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பை மேலே தூக்க வேண்டியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவன் கேட்டது ஒரு மூச்சுக்குள் அடங்குகிற ஒரு வரி. “அடியேனை நினைத்தருளும்.” இரண்டே சொல். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. வார்டில் பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசி நேரத்தில் தேடுவது வெட்கம் என்கிறீர்களே, அதற்கும் இந்த ஆள்தான் பதில். அவனைவிடக் கடைசி நேரம் யாருக்கும் கிடையாது. ஒரு ஞாயிறு ஆராதனை இல்லை, ஒரு ரூபாய் காணிக்கை இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கச் சிலுவையில் மாட்டிய கையால் முடியாது. “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று பதில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பவுலைப் போல, ரட்சிக்கப்பட்ட தேதியைச் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் அவனும்தான். 1546 பிப்ரவரியில் லூத்தர் சாவதற்கு முன் எழுதி வைத்த துண்டுத்தாளில் கடைசியாக இருந்த வரி, நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை என்பது. இத்தனை புத்தகம் எழுதிய மனிதர் கையில் வேறொன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நீங்களும் கையை வீசிக்கொண்டு வரலாம்.

மோட்சம் நிஜமாகவே இருக்கிறதா?

நான் போய்ப் பார்த்து வந்தவன் இல்லை. தங்கத் தெரு, முத்து வாசல் என்று வர்ணித்து உங்களை ஏமாற்ற மனமில்லை, அதெல்லாம் யோவான் கண்ட தரிசனத்தின் பாஷை. நான் சாய்ந்திருப்பது ஒரே ஒரு செய்தியின் மேல், செத்து அடக்கம் பண்ணப்பட்ட ஒருவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பது. அது பொய்யானால் எங்கள் பிரசங்கம் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே கொரிந்தியருக்குப் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டார். அது மெய்யானால், சாவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். இடம் எப்படி இருக்கும் என்பதைவிட எனக்கு அது போதும்.

எழுந்தவர் என்ன செய்தார் என்பது உங்களைப் போன்ற துறைமுகத்துக்காரருக்குப் பிடிக்கும். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு மீன் கிடைக்காமல் சீஷர்கள் ஏழு பேர் திரும்புகிறார்கள். கரையில் ஒருவர் நிற்கிறார், யாரென்று தெரியவில்லை. வலது பக்கம் போடுங்கள் என்கிறார். பெரிய மீன் 153. கடலில் போகிறவர்கள்தான் இப்படி எண்ணி வைப்பார்கள். கரைக்கு வந்தால் அவர் கரிநெருப்பு மூட்டி, மீனைச் சுட்டு, அப்பமும் வைத்திருக்கிறார். வாருங்கள், சாப்பிடுங்கள் என்கிறார். பேதுரு தண்ணீரில் குதித்து முதலில் வந்தவன். சில நாள் முன்னால் இன்னொரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னவனும் அவன்தான். யோவான் இந்த இரண்டு இடத்திலும் அந்தக் கரிநெருப்பை மறக்காமல் குறிக்கிறார். இங்கே அவனிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. முதலில் சாப்பாடு. அப்புறம், என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தடவை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டால், விடியற்காலைக் கரை, சுட்ட மீன் வாசனை, நம்மைக் காட்டிக்கொடுக்காத ஒருவர், இதைத்தான் சொல்வேன்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி.

உங்கள் கடிதம் நாலு பக்கம். தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி, கடைசிப் பக்கத்தின் அடியில். அதையும் எழுதி, அடித்து, அடித்ததற்கு மேலே மறுபடி எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டேன். அப்பா வழி மனை, ஐந்து சென்ட், சுவர் யாருடையது என்ற தகராறு என்றாள்.

லூத்தர் 1519ல், சாவு நினைப்பால் கலங்கிப்போன ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக, சாக ஆயத்தமாவதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் எழுதினார். இதுவும் ஒருவகையில் வாசகர் கடிதத்துக்குப் பதில்தான். முதல் புத்திமதி என்ன தெரியுமா? சொத்தை ஒழுங்குபடுத்து, உனக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்ளாதபடி செய். இரண்டாவது, உனக்குத் தீங்கு செய்தவர்களை மன்னி, நீ தீங்கு செய்தவர்களிடம் மன்னிப்புக் கேள். அதற்குப் பிறகுதான் கடவுளை நோக்கித் திரும்பச் சொல்கிறார். அங்கே சாவைப் பிரசவத்தோடு ஒப்பிடுகிறார். குழந்தை தாயின் இருட்டான, குறுகின இடத்திலிருந்து நெருக்கத்தோடு இந்த விசாலத்துக்குள் வருகிறதே, அதுபோல என்கிறார். நெருக்கம் இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

உயில் எழுதவில்லையென்றால் எழுதிவிடுங்கள். புத்தி தெளிவாக இருக்கும் நேரத்தில், இரண்டு சாட்சிகளை வைத்து. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. எழுதாமல் போனால், நம்மவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமமாகப் போகும். அப்பா மனையில் தம்பிக்கு என்ன பாத்தியதை என்பதை வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

தம்பியோடு சமாதானமானால்தான் மோட்சம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் தேதி கேட்டவர் பக்கம் போய்விடுவேன். நகையை மீட்டாயிற்று, அதற்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவதில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவே.

நீங்களே போன் பண்ண வேண்டாம், மூச்சு வாங்கும், கோபமும் வரும். மகள் பேசட்டும். “சித்தப்பா, அப்பா உங்களைப் பாக்கணும்னாரு” என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. வந்தால், முதல் அரைமணி நேரம் மனையைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம். வராமலும் போகலாம். அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சொல்ல நினைத்ததை மகளிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பதிவேட்டில் மூன்று பக்கம் தள்ளி அவன் பெயரும் இருக்கிறது. அதே ஐயரின் கையெழுத்து, அதே ஞானப்பெற்றோர், தகப்பன் தொழில் அதே தோணி வேலை. அவனுடைய தேதியும் கரைந்துதான் கிடக்கிறது. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை திருவிருந்து கொண்டு வருகிறேன். அப்பத்தை ரசத்தில் தோய்த்துத் தருவேன், விழுங்கக் கஷ்டம் இருக்காது. வீட்டில் யார் யார் இருப்பீர்களோ தெரியாது, இரண்டு மூன்று பேருக்குக் கூடுதலாகவே எடுத்து வருவேன். பத்து மணி மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். பத்தரைக்கு வந்துவிடுவேன். ரயில்வே கேட் போட்டிருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.